கோயில் முதலில், மீன் கடைசியில்: பவானி, பண்ணாரி, கொடிவேரி ஒரு நாள் பயணம்

கொங்கு நாட்டில் இல்லாத ஒன்று கடல். ஈரோட்டிலிருந்து திருச்செந்தூர் போய், கடலில் முங்கி, முருகனைக் கும்பிட்டு வர வேண்டுமென்றால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. திங்கட்கிழமை வேலைக்கு வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் வந்தார் என்று சொல்லிவிடலாம். அதனால் 'சாமியும் கும்பிடணும், தண்ணீலயும் ஆடணும்' என்று வீட்டில் பேச்சு எழுந்தால், எங்கள் பக்கத்து வண்டி பவானி ஆற்றை ஒட்டித்தான் திரும்பும். பவானி ஊரின் கூடுதுறையில் சங்கமேஸ்வரர், பாரியூரில் காளியம்மன், பண்ணாரியில் மாரியம்மன், கொடிவேரியில் குளியலும் வறுத்த மீனும். காலை 5 மணிக்குக் கிளம்பினால் ராத்திரி 7 மணிக்கெல்லாம் வீடு.

ஈரோடு, திருப்பூர் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், சொந்தக்காரர்களை வண்டி பிடித்து முதல் முறை கூட்டிப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பல வருடங்களாக இந்தச் சுற்றை எங்கள் வீதிக்காரர்களோடும் உறவுக்காரர்களோடும் போய் வருகிறேன். முதல் முறை போனபோது செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரைபடத்தைப் பார்த்தால் கொடிவேரி கோபிக்கும் (கோபிசெட்டிபாளையம்) சத்தியமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது, பண்ணாரி சத்தியைத் தாண்டி. வழியில் வருவதை முதலில் பார்ப்பதுதானே முறை என்று கொடிவேரியில் வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் குளித்தோம், மீன் தின்றோம், ஈரத்துணியோடு பண்ணாரி போய் இறங்கினோம். அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) மட்டும் இறங்கவில்லை. "ஏஞ்சாமி, மீனத் தின்னுபோட்டு அந்த ஆத்தா மொகத்துல எப்படி முழிக்கறது? நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டீலயே உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டது. அதைக் கேட்டதும் இன்னும் நாலு பேர் இறங்கவில்லை. அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போய், பாதி வண்டி கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

அதிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. கோயில்கள் எல்லாம் மத்தியானத்துக்குள், தண்ணீரும் மீனும் அதற்கப்புறம். பண்ணாரி வரை போய்த் திரும்பி வந்து கொடிவேரியில் இறங்குவதால் வண்டி கொஞ்சம் கூடுதலாக ஓடும். ஓடட்டும். பவானி கோயில் மாதிரி மத்தியானம் நடை சாத்துகிற கோயில்களுக்கும் இந்த வரிசைதான் ஒத்துவரும். வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில் நாம் தண்ணீருக்குள் இருப்போம்.

கிளம்புவதற்கு முன்

முதலில் நாள். அமாவாசையில் போகாதீர்கள். கூடுதுறையில் திதி கொடுக்க வருகிற கூட்டத்தில் படித்துறைக்கு இறங்கவே இடம் இருக்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஆடிப்பெருக்கு என்றால் கேட்கவே வேண்டாம். பங்குனியில் பண்ணாரி குண்டம் (தீமிதி) நடக்கிற வாரத்தையும் விட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை குண்டம் இறங்க முந்தின நாளிலிருந்தே ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கும். நேர்த்திக்கடன் இருக்கிறவர்கள் அதற்கென்றே தனியாகப் போவார்கள், அது வேறு பயணம். காணும் பொங்கல் அன்று கொடிவேரியில் தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை ரகம். சனிக்கிழமை நல்லது. லீவு போட முடிந்தால் புதன், வியாழன் இன்னும் நல்லது.

அடுத்தது தண்ணீர். இதைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கொடிவேரிக்குத் தண்ணீர் பவானிசாகர் அணையிலிருந்து வருகிறது. அந்த அணையின் நீர்மட்ட உயரம் 105 அடி. அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தாலோ, இடையில் பெருமழை பெய்தாலோ, கொடிவேரியில் குளிக்கத் தடை போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். முந்தின நாள் செய்தித்தாளின் ஈரோடு பக்கத்தைப் புரட்டினால் தடை இருக்கிறதா என்று போட்டிருப்பார்கள். கோபியில் தெரிந்தவர் இருந்தால், "ஏனுங்கண்ணா, கொடிவேரீல குளிக்க உடறாங்களா?" என்று ஒரு போன் போட்டாலே போதும்.

வண்டி பேசும்போது மூன்று விஷயங்களை வாய்விட்டுக் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா? டிரைவர் பேட்டா அதில் சேர்ந்ததா, தனியா? குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு? ஈரோட்டில் கிளம்பி ஈரோட்டுக்கே திரும்ப இந்தச் சுற்று ஏறக்குறைய 170, 180 கிலோமீட்டர் வரும். எத்தனை இடத்தில் நிறுத்தப்போகிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழியில் முணுமுணுப்பு இருக்காது.

பையில் வைக்க வேண்டியவை: ஆளுக்கு இரண்டு மாற்றுத்துணி (கூடுதுறையில் ஒரு முறை, கொடிவேரியில் ஒரு முறை நனைவோம்), துண்டு, ஈரத்துணி போட ஒரு பழைய உரச்சாக்கு அல்லது கட்டைப்பை, பின்பட்டி உள்ள ரப்பர் செருப்பு. நகையை வீட்டில் வைத்துவிடுங்கள். தாலிக்கொடி தவிர வேறெதுவும் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. அதையும் ஊக்குப் போட்டு ரவிக்கையோடு சேர்த்துக் குத்திக்கொள்வார்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். மத்தியானத்துக்குப் புளிசோறு, தக்காளிசோறு எது கட்டினாலும் சரி, தயிர்சோறு மட்டும் வேண்டாம், வண்டிச் சூட்டில் புளித்துவிடும். அரிசிம்பருப்புச் சோறு சூடாகத் தின்றால்தான் ருசி, அதையும் வீட்டுக்கே விட்டுவிடுங்கள்.

விடியற்காலை: பவானி கூடுதுறை

ஈரோட்டிலிருந்து பவானி 15 கிலோமீட்டர்தான். 5 மணிக்குக் கிளம்பினால் 6 மணிக்கு முன்னால் படித்துறையில் நிற்கலாம். காவிரியும் பவானியும் இங்கே கூடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுத நதி ஒன்றும் வந்து சேர்கிறது என்பது நம்பிக்கை, அதனால் முக்கூடல். மழைக்காலத்தில் ஒரு ஆறு செம்மண் நிறத்திலும் மற்றது தெளிவாகவும் வந்து, கொஞ்ச தூரம் ஒட்டாமலே போவதைப் பார்க்கலாம்.

குளிக்கிறவர்கள் படித்துறையிலேயே குளியுங்கள், படியை விட்டு இறங்க வேண்டாம். பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இங்கே உண்டு. அந்தத் துணிகள் தண்ணீருக்குள் காலைச் சுற்றும். நீச்சல் தெரிந்தவர்களே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். 'பரிகாரம் பண்ணோணுங்களா' என்று கேட்டுக்கொண்டு கூடவே வருகிறவர்கள் இருப்பார்கள். வேண்டாம் என்றால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நடங்கள். வேண்டும் என்றால் கோயில் அலுவலகத்தில் விசாரித்துக் கட்டணச் சீட்டு வாங்கிக்கொள்வதே தொந்தரவில்லாத வழி.

சங்கமேஸ்வரர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழில் ஒன்று. சம்பந்தர் பாடிய பதிகத்தில் ஊரின் பெயர் திருநணா. தல மரம் இலந்தை. ஒரே வளாகத்துக்குள் ஆதிகேசவப் பெருமாள் சன்னதியும் இருப்பதால் சைவம், வைணவம் என்று வீட்டில் இரண்டு கட்சி இருந்தாலும் சண்டை வராது.

இங்கே அவசரப்படாமல் பார்க்க வேண்டியது வேதநாயகி அம்மன் சன்னதியில் உள்ள தந்தக் கட்டில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804-இல் அம்மனுக்குக் கொடுத்தது. அவர் பவானியில் ஒரு மாளிகையில் தங்கியிருந்த இரவில், சின்னப் பெண் ஒருத்தி வந்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனாளாம். அவர் வெளியே வந்ததும் மாளிகை இடிந்து விழுந்ததாம். வந்தது வேதநாயகிதான் என்று தெரிந்துகொண்டவர் கும்பிட ஆசைப்பட்டார். உள்ளே விட வழியில்லாததால் மதிலில் மூன்று துளைகள் போட்டு, அதன் வழியாக அம்மனைப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். அந்தத் துளைகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கதையை முதலில் சொல்லிவிட்டு, 'துளை எங்கே இருக்கு, கண்டுபிடி பார்க்கலாம்' என்று விட்டுவிடுங்கள். பெரியவர்கள் நிம்மதியாகச் சாமி கும்பிடலாம்.

பவானி ஜமக்காளம் வாங்க ஆசை இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி அது. ஆனால் நாம் கிளம்புகிற 8 மணிக்குக் கடைகள் திறந்திருக்காது. அதற்கென்று இன்னொரு நாள் வாருங்கள், நின்று நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டிய சாமான் அது.

கவுந்தப்பாடி, பாரியூர்

ஊரை விட்டு வெளியே வந்ததும் காலிங்கராயன்பாளையம். இங்கே பவானி ஆற்றுக்குக் குறுக்கே இருக்கிற அணைக்கட்டிலிருந்துதான் காலிங்கராயன் வாய்க்கால் புறப்படுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பாம்பு போன தடத்திலேயே வெட்டினார் என்று கதை, அவ்வளவு வளைவு. இவ்வளவு பெரிய வாய்க்காலை வெட்டிய காலிங்கராயன், தன் சந்ததியார் இந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டார் என்பது ஊர் வழக்கு. நிறுத்த வேண்டாம், வண்டியில் போகும்போதே சொல்லிக்கொண்டு போகலாம்.

காலை டிபனைப் பவானியிலோ கவுந்தப்பாடியிலோ முடித்துக்கொள்ளுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போன ஊர். பழனி பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்துதான் சர்க்கரை போகிறது. ஒரு கிலோ வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டால் வீட்டுக்கு வந்ததும் வாங்காதவர்கள் பங்கு கேட்பார்கள்.

அடுத்து கோபி. அங்கிருந்து அந்தியூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் பாரியூர் கொண்டத்துக் காளியம்மன். நெல் வயலும் தென்னையுமாக வழியெல்லாம் பச்சை. நிறையச் சினிமாக்காரர்கள் இந்தப் பக்கம் கேமராவோடு வந்ததற்குக் காரணம் போகும்போதே தெரியும். மார்கழிக் குண்டத் திருவிழா சமயம் தவிர, அரைமணி நேரத்தில் கும்பிட்டு வந்துவிடலாம். நேரமாகிவிட்டது என்றால் இந்த ஒரு கோயிலை மட்டும் அடுத்த முறைக்குத் தள்ளலாம். பச்சைமலை முருகனையும் பார்த்துவிடலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மலையேற்றம் எப்படியும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு டிரைவரைச் சத்தி ரோட்டில் விடச் சொல்லுங்கள்.

இந்தச் சத்தி ரோட்டில்தான் கொடிவேரிப் பலகை வரும். வண்டிக்குள் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். நிறுத்தாதீர்கள்.

முற்பகல்: பண்ணாரி

சத்தியமங்கலத்தைத் தாண்டி மைசூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பண்ணாரி. திம்பம் மலையின் அடிவாரம், புலிகள் காப்பகத்துக் காடு. 11, 11.30-க்கு அங்கே இருந்தால் நம் கணக்கு சரியாக வருகிறது.

மாரியம்மன் இங்கே தெற்குப் பார்த்து இருக்கிறாள். விபூதிக்குப் பதிலாகப் புற்றுமண்தான் பிரசாதம். முதல் முறை வருகிறவர்கள் கையில் மண்ணைக் கொடுத்ததும் விழிப்பார்கள். நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு மீதியைப் பொட்டலமாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்றால் மருந்து ஒரு பக்கம், பண்ணாரி மண் ஒரு பக்கம். குண்டம் இறங்குகிற இடம் கோயிலுக்கு முன்னாலேயே இருக்கிறது. பங்குனியில் மனிதர்கள் இறங்கி முடித்தபின் ஆடுமாடுகளையும் அதில் நடத்துவார்கள், பாலும் வெள்ளாமையும் பெருக வேண்டுமென்று.

குரங்குகள் நம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். தேங்காய் மூடியைத் தட்டில் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் வெளியே வரும்போது தட்டு மட்டும்தான் மிஞ்சும். பைக்குள் போட்டு வாய் கட்டிவிடுங்கள். அதுகளுக்குத் தீனி போடவும் வேண்டாம். காட்டுச் சாலையில் செல்பி எடுக்க இறங்காதீர்கள், யானை நடமாட்டம் உள்ள இடம். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, திம்பம் மேலே ஏறிப் பார்த்துட்டு வந்துடலாம்' என்று சொல்ல ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். 27 கொண்டை ஊசி வளைவு, வரிசையாக லாரி. ஒரு லாரி நின்றால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும்.

பவானிசாகர் அணைப் பூங்காவும் பக்கம்தான். அதையும் சேர்த்தால் கொடிவேரியில் கால் மணி நேரம்தான் கிடைக்கும். நான் சேர்ப்பதில்லை.

மத்தியானம்: கொடிவேரி

பண்ணாரியிலிருந்து திரும்பி 1 மணி வாக்கில் கொடிவேரி. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனதும் முதலில் சோற்றை முடியுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் மாற்றிச் சொல்வேன். வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். முதலில் ஒரு மணி நேரம் குளியல், அப்புறம் சோறும் மீனும், பிறகு மர நிழலில் உட்கார்ந்துவிட்டு, மனசிருந்தால் இன்னொரு குளியல்.

இது அருவி இல்லை, அணைக்கட்டு. பவானி ஆற்றின் குறுக்கே நீளமாகக் கட்டிய கல் சுவர். இரண்டு பக்கமும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிந்து கோபிப் பக்கத்து வயல்களுக்குப் போகின்றன. மீதித் தண்ணீர் சுவரை வழிந்து வெள்ளைத் துணி விரித்த மாதிரி விழுகிறது. அதன் கீழே முதுகைக் கொடுத்து நின்றால் தடதடவென்று அடிக்கும். கழுத்து வலி, தோள்பட்டை வலி என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் கடைசியாக வெளியே வருவார்கள்.

கவனம் வேண்டிய இடமும் இதுதான். பாறையெல்லாம் பாசி. நிமிர்ந்து நடந்தால் விழுவீர்கள், குனிந்து கையூன்றி நகருங்கள். குளிக்க விட்டிருக்கிற இடத்தைத் தாண்டிக் கீழே போகாதீர்கள். பார்ப்பதற்கு முழங்கால் அளவு மாதிரி தெரியும், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் குழி இருக்கும். பவானி ஆற்றில் போன உயிர்களில் பல நீச்சல் தெரிந்தவர்களுடையவை. பிள்ளைகளைப் 'பார்த்துக்கோ' என்று பொதுவாகச் சொல்லாமல், இந்தப் பிள்ளைக்கு இந்த ஆள் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கலாக வந்தாலோ, காவலுக்கு நிற்பவர்கள் விசில் அடித்தாலோ, எதற்கென்று கேட்டுக்கொண்டு நிற்காமல் முதலில் கரையேறுங்கள். சோப்பு, சீயக்காய், எண்ணெய் எதுவும் வேண்டாம். கீழே ஊர்கள் குடிக்கிற தண்ணீர். பரிசலில் போகிறவர்கள் லைப் ஜாக்கெட் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு ஏறுங்கள். போட்டோவுக்காகக் கழற்ற வேண்டாம்.

இனி மீன். வஞ்சிரம் இருக்கா என்று கேட்டுவிடாதீர்கள், இது நன்னீர் மீன். ஜிலேபி, கட்லா, ரோகு இப்படித்தான் கிடைக்கும். கடையில் மசால் தடவி அடுக்கி வைத்திருப்பதில் நீங்களே கை காட்டலாம். விலையைக் கேட்டு முடிவு செய்துவிட்டு அப்புறம் எண்ணெயில் போடச் சொல்லுங்கள், போட்டபின் கேட்டால் பேரம் நம் கையில் இல்லை. அகலமான இரும்புக் கல்லில் எண்ணெய் காய்ந்திருக்கும். விலாவில் நாலு கீறல் கீறிய முழு ஜிலேபியை அந்த அக்கா ஓரமாகச் சாய்த்து விடுவார். சத்தம் அடங்கும் வரை தொடமாட்டார். அடங்கியதும் ஒரே தட்டில் திருப்பிப் போட்டு, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவிப் போடுவார். வால் முறுமுறுவென்று கறுத்திருக்க வேண்டும், கீறலுக்குள் மசால் ஈரமாக இருக்க வேண்டும். வெங்காயத்தோடு இலையில் வந்ததும் ஆறுவதற்குள் தின்றுவிடுங்கள். ஜிலேபியிலும் முள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு நடு முள் மட்டும் உள்ள கட்லாத் துண்டு என்று நினைத்துக் கொடுப்பார்கள், அதிலும் இரட்டை முள் உண்டு. கையால் பிசிறிப் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும். வீட்டிலிருந்து கட்டி வந்த புளிசோற்றுக்கு இந்த மீனைத் தொட்டுக்கொண்டால் வேறு குழம்பு வேண்டாம்.

வரிசையை மாற்றிய அடுத்த முறை, காலையிலேயே பண்ணாரி ஆத்தாளைப் பார்த்துவிட்டு வந்த அம்மாயி இரண்டு மீன் தின்றது. மூன்றாவதுக்கு என் தட்டைப் பார்த்தது.

திரும்புதல்

4.30-க்கு எல்லாரையும் கரையேற்ற ஆரம்பித்தால் 5 மணிக்கு வண்டி நகரும். சாயங்காலம் எப்படியும் மூடிவிடுவார்கள். அதுவரை இருந்தால் வெளியே வரும் சந்து முழுக்க வண்டியாக நிற்கும். ஈரத்துணிச் சாக்கை டிக்கியில் போடுங்கள், சீட்டுக்கடியில் வைத்தால் தண்ணீர் கசிந்து டிரைவர் முகம் மாறும். கிளம்புவதற்கு முன் ஆள் எண்ணுங்கள், செருப்பும் எண்ணுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் பாரியூரை விட்டுவிட்டு இதே வரிசையில் போகலாம். ஈரோடு பவானி டவுன் பஸ், அங்கிருந்து கோபி, கோபியிலிருந்து சத்தி, சத்தியிலிருந்து பண்ணாரி என்று மாறி மாறி ஏற வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கொடிவேரிக்கு மெயின் ரோட்டில் இறங்கினால் உள்ளே கொஞ்ச தூரம் போக வேண்டும், ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வருகிறவர்கள் கோபியில் ஒரு டீக்கு நிறுத்தினாலும் 7 மணிக்கெல்லாம் ஈரோடு வந்துவிடலாம். பேட்டாவை இறங்குவதற்கு முன்பே டிரைவர் கையில் கொடுத்துவிடுங்கள். காலை 5 மணியிலிருந்து கூடவே இருந்தவர், கொடிவேரியில் மீன் வாங்கும்போது அவருக்கும் சேர்த்தே சொல்லியிருப்பீர்கள்.